ஆரணிக்குத் தேவை இன்னொரு கலெக்டர் அல்ல

ஆரணியைத் தலைநகராகக் கொண்டு தனி மாவட்டம் வேண்டும் என்பது நம் ஊரில் கட்சி பேதமில்லாத கோரிக்கை. பட்டு வியாபாரி, அரிசி ஆலைக்காரர், வழக்கறிஞர், வாத்தியார், தறிக்காரர் என்று யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். தேர்தல் வந்தால் மேடைக்கு மேடை இது வாக்குறுதியாகிறது. 2019-இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்து ராணிப்பேட்டையையும் திருப்பத்தூரையும் தனி மாவட்டங்களாக்கியபோது, பக்கத்து ஊருக்குக் கிடைத்தது நமக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற ஆதங்கம் இன்னும் கூடியது. அந்தப் பக்கம் செய்யாற்றுக்காரர்களும் தங்கள் ஊர்தான் தலைநகராக வேண்டும் என்கிறார்கள்.

இந்தக் கோரிக்கையை நான் மறுக்கிறேன். ஆரணியின் மேல் எனக்கு அக்கறை குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். நாம் கேட்பது மிகவும் சிறியது. கிடைத்தாலும் நம் குறை தீராது. அதனால்தான் மறுக்கிறேன்.

தனி மாவட்டம் கேட்பவர்களின் முதல் வாதம் தூரம். அதில் உண்மை இருக்கிறது. ஆரணியிலிருந்து நம் மாவட்டத் தலைநகரான திருவண்ணாமலை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் தறியை நிறுத்திவிட்டுக் காலையிலேயே பஸ் ஏற வேண்டும். வரிசையில் நின்று மனுவைப் பதிவு செய்து, கலெக்டரிடம் நீட்டி, ரசீது வாங்கித் திரும்பினால் பொழுது சாய்ந்துவிடும். ஒரு நாள் கூலி போச்சு. இந்த வலியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் கலெக்டர் அலுவலகம் ஆரணிக்கே வந்துவிட்டால் என்ன மாறும்? மனு கொடுக்கும் இடம் பக்கத்தில் வரும். மனுவை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் இடம் எங்கே இருந்ததோ அங்கேயேதான் இருக்கும்.

முள்ளிப்பட்டிலோ தேவிகாபுரத்திலோ ஒண்ணுபுரத்திலோ ஒரு நெசவாளர் வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். தரையில் தோண்டிய குழிக்கு மேல் தறி நிற்கும். நெய்கிறவர் குழிக்குள் காலை இறக்கி மிதிக்கட்டையை மிதித்துக்கொண்டிருப்பார். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருத் தண்ணீர் வடிய வழியில்லாத இடங்களில் அந்தக் குழியில் ஈரம் ஊறும். சில வீடுகளில் தண்ணீரே தேங்கி நிற்கும். ஈரம் ஏறிய பாவு தொய்யும், இழை அறும். அறுந்ததைப் பிணைத்துக்கொண்டே நாள் போகும், அல்லது வேலையே நின்றுபோகும். ஒரு சேலைக்கான பாவு தறியிலேயே மாட்டிக்கொண்டு கிடக்க, வீட்டில் இரண்டு பேருக்குக் கூலி இல்லை.

இந்த ஒரு குழியில் ஈரம் ஏறாமல் இருக்க எத்தனை அலுவலகங்கள் மனம் வைக்க வேண்டும்? தெருக் கால்வாய் ஊராட்சிக்கு. ஊரைத் தொட்டுப் போகும் சாலையை உயர்த்திப் போட்டதால் தண்ணீர் தேங்குகிறது என்றால் அது ஒன்றியத்துக்கோ நெடுஞ்சாலைத் துறைக்கோ சொந்தம். ஏரியின் உபரிநீர் ஓடை நீர்வளத் துறைக்கு. குழித்தறியை மேடைத் தறியாக மாற்ற உதவி வேண்டுமென்றால் கைத்தறித் துறை. இத்தனையும் ஒன்றாகச் சேரும் ஒரே மேசை கலெக்டருடையது. அவர் 24 லட்சம் பேருக்கு ஒருவர். இரண்டு, மூன்று வருடத்தில் மாற்றலாகிப் போய்விடுவார். நல்ல கலெக்டர்களை இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. அவர்களை நான் குறை சொல்லவில்லை. முள்ளிப்பட்டுத் தெருவுக்கு அவர் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் சட்டத்தில் எங்கும் இல்லை என்பதுதான் என் குறை. அவருக்கு உத்தரவு சென்னையிலிருந்து வருகிறது. மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தால் இப்படிப்பட்ட மேசைகள் இரண்டாகும், அவ்வளவுதான்.

இப்போது இன்னொரு பட்டு ஊரைப் பார்ப்போம். ஜப்பானின் கியோட்டோ மாகாணம். தலைநகரில் நிஷிஜின் நெசவு; வடக்கே கடலோரத் தாங்கோ பகுதியில் சிரிமென் என்னும் சுருக்கப் பட்டு. 300 வருடங்களாகத் தாங்கோவின் வீடுகளில் தறிச் சத்தம் கேட்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி கியோட்டோ மாகாணத்தின் மக்கள்தொகை ஏறக்குறைய 25 லட்சத்து 78 ஆயிரம். நம் திருவண்ணாமலை மாவட்டம் 2011 கணக்கெடுப்பில் 24 லட்சத்து 65 ஆயிரம். ஏறக்குறைய ஒரே அளவு மக்கள், ஒரே தொழில். ஆட்சி அமைப்பில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

கியோட்டோ மாகாண மன்றத்தில் 60 உறுப்பினர்கள். பதவிக்காலம் 4 ஆண்டு. கியோட்டோ நகரத்தின் 11 வட்டங்களும் ஒவ்வொன்றும் ஒரு தொகுதி. மற்ற நகரங்களும் ஊர்த் தொகுப்புகளும் தங்கள் அளவுக்கேற்பத் தொகுதிகளாகின்றன. தாங்கோ நெசவாளர்கள் அதிகம் வாழும் கியோத்தாங்கோ நகரத்துக்குத் தனித் தொகுதியே உண்டு. பெரிய தொகுதியிலிருந்து பல உறுப்பினர்கள் தேர்வாகலாம். ஆனால் வாக்காளருக்கு ஒரே ஓட்டு. சின்னத்தில் முத்திரை குத்துவதோ பொத்தானை அழுத்துவதோ கிடையாது. வேட்பாளரின் பெயரை வாக்காளர் தம் கையால் சீட்டில் எழுத வேண்டும். எண்ணிக்கையில் மேலே வரும் அத்தனை பேரும், இடங்கள் நிரம்பும் வரை, வென்றவர்கள். 18 வயதில் ஓட்டுரிமை, 25 வயதில் போட்டியிடும் உரிமை. வேட்பாளர் குறைந்தது 3 மாதமாவது அந்த மாகாணத்தில் குடியிருந்திருக்க வேண்டும். வெளியூரிலிருந்து கட்சி இறக்குமதி செய்யும் ஆளுக்கு இடமில்லை.

மாகாண ஆளுநரை மக்கள் தனி ஓட்டில் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மன்றமும் ஆளுநரும் ஒருவர் தயவால் மற்றவர் பதவிக்கு வருவதில்லை. இருவரையும் மக்கள்தான் நிறுத்துகிறார்கள். ஆளுநர் வரவு செலவுத் திட்டத்தைத் தயாரிக்கலாம், ஆனால் மன்றம் கை தூக்கினால்தான் ஒரு யென் செலவாகும். கியோட்டோவின் ஆண்டு வரவு செலவு சுமார் 1 லட்சம் கோடி யென். மாகாணச் சட்டம் இயற்றுவதும், மாகாண வரியைத் தீர்மானிப்பதும், பெரிய ஒப்பந்தங்களுக்கு ஒப்புதல் தருவதும், முந்தைய ஆண்டுக் கணக்கை வரிவரியாகப் பார்ப்பதும் மன்றத்தின் வேலை. உறுப்பினர்கள் துறைவாரியான நிலைக்குழுக்களாகப் பிரிந்து உட்காருகிறார்கள். அதிகாரிகள் அங்கே வந்து பதில் சொல்கிறார்கள். மேல்நிலைப் பள்ளிகளும் காவல்துறையும்கூட மாகாணத்தின் பொறுப்பு. கியோத்தாங்கோவில் நெசவுக்கும் இயந்திரத் தொழிலுக்கும் மாகாண அரசே ஒரு தொழில்நுட்ப மையத்தை நடத்துகிறது. அதற்கு ஒதுக்கும் பணத்தைக் குறைத்தால் கேள்வி கேட்க, நெசவாளர் ஓட்டில் ஜெயித்த உறுப்பினர் மன்றத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

1950 முதல் 1978 வரை, 28 ஆண்டுகள் தொடர்ந்து, கியோட்டோவின் ஆளுநராக இருந்தவர் தொராஸோ நினாகவா என்ற பொருளாதாரப் பேராசிரியர். ஆளுநராகும் முன் ஜப்பானின் சிறு, நடுத்தரத் தொழில் துறை அலுவலகத்தின் முதல் தலைவர். அதில் பெரும்பகுதிக் காலம் டோக்கியோவில் ஆட்சி ஒரே கட்சியிடம். கியோட்டோவில் அதை எதிர்த்தவர் 7 முறை ஜெயித்தார். மாகாணத்துக்கு என்று ஒரு சொந்தக் குரல் இருந்தால்தான் இது நடக்கும். நம் மாவட்டத்துக்கு அப்படி ஒரு குரல் உண்டா?

“அது ஜப்பான், அவர்கள் அப்படிப் பழகியவர்கள்” என்று உடனே ஒரு பதில் வரும். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. மாகாண மன்றங்கள் 1879-இலேயே தொடங்கின. ஆனால் குறிப்பிட்ட அளவு நிலவரி கட்டிய ஆண்களுக்கு மட்டுமே ஓட்டு. ஆளுநரை டோக்கியோவின் உள்துறை அமைச்சகம் நியமித்து அனுப்பியது. கொஞ்ச காலம் இருப்பார், அடுத்த ஊருக்கு மாற்றலாவார், மேலிடத்துக்கு மட்டும் பதில் சொல்வார். நம் கலெக்டரைப் போலவே. 1947-இல் புதிய அரசியலமைப்பும் உள்ளாட்சிச் சட்டமும் வந்தபோதுதான் ஆளுநர் பதவி மக்கள் ஓட்டுக்கு வந்தது. நம் நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டு. அவர்கள் அன்று மாற்றிக்கொண்டார்கள். வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன கலெக்டர் ஆட்சியை நாம் அப்படியே வைத்துக்கொண்டோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஜப்பானில் மாகாணங்களின் எண்ணிக்கை 1888-இல் 47. இன்றும் 47. சுமார் ஐந்தரை லட்சம் பேர் மட்டுமே வாழும் தொத்தோரியும் ஒரு மாகாணம்தான். அதற்கும் 35 உறுப்பினர்கள் கொண்ட மன்றம் உண்டு. நம் மாநிலம் 1956-இல் 13 மாவட்டங்களோடு இருந்தது, இன்று 38. வடஆர்க்காடு 1989-இல் பிரிந்து திருவண்ணாமலை வந்தது. 30 வருடம் கழித்து வேலூர் மீண்டும் மூன்றானது. இத்தனை பிரிவினையிலும் மாவட்ட அளவில் மக்கள் பிரதிநிதிகளுக்கு ஒரு புதிய அதிகாரமாவது கிடைத்ததா? கிடைக்கவில்லை.

ஜப்பானின் மாகாணத்தை நம் மாநிலத்தோடு ஒப்பிட வேண்டும், மாவட்டத்தோடு ஒப்பிடுவது தவறு என்று படித்தவர்கள் சிலர் வாதிடலாம். எண்ணைப் பாருங்கள். 12 கோடிக்குக் கொஞ்சம் கூடுதலான மக்களுக்கு ஜப்பானில் 47 மாகாண மன்றங்கள், 2,600-க்கு மேற்பட்ட உறுப்பினர்கள். 2011 கணக்கில் 7 கோடியே 21 லட்சம் மக்கள் கொண்ட தமிழ்நாட்டுக்கு ஒரே சட்டமன்றம், 234 உறுப்பினர்கள். திருவண்ணாமலை மாவட்டத்தின் பங்கு 8. ஆரணித் தொகுதியின் உறுப்பினர் மாநிலம் முழுவதற்கும் சட்டம் இயற்றும் அவையில் 234-இல் ஒருவர். நம் மாவட்டத்தின் பள்ளிகளுக்கும் ஏரிகளுக்கும் எவ்வளவு ஒதுக்குவது என்று எட்டுப் பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஓட்டுப் போடும் அவை எங்கேயும் கிடையாது. அதனால்தான் நம் எம்.எல்.ஏ.க்கள் தொகுதி நிதியில் நிழற்குடை கட்டுவதிலும் சிபாரிசுக் கடிதம் எழுதுவதிலும் காலம் கழிக்க வேண்டியிருக்கிறது.

“மாவட்ட ஊராட்சி இருக்கிறதே” என்பீர்கள். இருக்கிறது. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி திருவண்ணாமலை மாவட்ட ஊராட்சிக்கு 34 வார்டுகள். ஆனால் வரி விதிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. துறை அதிகாரிகள் அதன் கீழ் இல்லை. ஆலோசனை சொல்லலாம், மேலே இருந்து வரும் நிதியில் சில வேலைகளைச் செய்யலாம். கலெக்டர் ஊராட்சிகளின் ஆய்வாளர். மக்கள் ஓட்டில் வந்தவரை அதிகாரி கண்காணிக்கிறார், அதிகாரியை மக்கள் ஓட்டில் வந்தவர் கண்காணிக்க வழியில்லை. இதைவிடப் பெரிய குறை இன்னொன்று: ஆரணி நகரத்துக்கு அந்த மன்றத்தில் இடமே கிடையாது. மாவட்ட ஊராட்சி கிராமங்களுக்கு மட்டும். நகராட்சி எல்லைக்குள் வசிப்பவர் மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு ஓட்டுப் போட முடியாது. பாவு ஆரணியில் கொடுக்கப்படுகிறது, சேலை தேவிகாபுரத்தில் நெய்யப்படுகிறது, திரும்ப ஆரணிக் கடைக்கு வருகிறது. தொழில் ஒன்று; ஆட்சியோ அதை நகரம், கிராமம் என்று நடுவில் அறுத்து வைத்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து உட்கார வைக்க அரசியலமைப்பில் மாவட்டத் திட்டக்குழு என்று ஓர் ஏற்பாடு உண்டு. அதில் ஐந்தில் நான்கு பங்கு உறுப்பினர்களை மாவட்ட ஊராட்சியும் நகர அமைப்புகளும் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தக் குழு நம் பட்டுத் தொழிலுக்கு என்ன திட்டம் போட்டது என்று தெருவில் நான்கு பேரைக் கேட்டுப் பாருங்கள்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஜில்லா போர்டுகளின் காலத்தை வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். போர்டு ஸ்கூலில் படித்த தலைமுறை நம்மிடையே இன்னும் இருக்கிறது. சாலையும் மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் ஜில்லா போர்டின் பொறுப்பாக இருந்தன. தஞ்சாவூர் ஜில்லா போர்டு மக்களிடம் வசூலித்த தீர்வைப் பணத்தில் ரயில் பாதையே போட்டது. மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு 1894-இல் வண்டி ஓடியது. 1920-களில் அதே போர்டின் தலைவராக இருந்த ஏ.டி. பன்னீர்செல்வம், வடமொழிக்கு மட்டுமே இடமிருந்த திருவையாற்றுக் கல்லூரியில் தமிழ்ப் படிப்புக்கு வழி திறந்தார். மாவட்ட அளவில் அதிகாரமும் பணமும் உள்ள ஓர் அமைப்பு எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 1958-ஆம் ஆண்டுச் சட்டங்கள் ஜில்லா போர்டுகளுக்கு முடிவு கட்டின. அவற்றின் அதிகாரம் கீழேயும் மேலேயுமாகப் பிரிந்து போய், நடுவில் கலெக்டர் மட்டும் மிஞ்சினார்.

மாவட்டப் பிரிவினையால் நாம் இழக்கக்கூடியதை ராணிப்பேட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். 2016 அக்டோபரில் தமிழ்நாட்டின் உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. 2019 டிசம்பரில் ஒருவழியாக ஊரகத் தேர்தல் வந்தபோது, புதிதாகப் பிரிக்கப்பட்ட 9 மாவட்டங்களில் வார்டு மறுவரையறை முடியவில்லை என்பதால் அங்கே மட்டும் நிறுத்தி வைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றும் அதில் அடக்கம். அந்த மாவட்டங்களின் கிராமங்களில் ஓட்டுப் பெட்டி வந்தது 2021 அக்டோபரில். ஐந்து வருடம், ஒரு முழுப் பதவிக்காலம், அங்கே ஊராட்சித் தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை. கலெக்டர் அலுவலகம் கிடைத்தது, பிரதிநிதிகள் காணாமல் போனார்கள். அதே கணக்கைத்தான் நாம் ஆரணிக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். நம் மாவட்டத்திலும் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். அதற்காக ஆரணியில் ஒரு கடையடைப்பு நடந்ததா? தனி மாவட்டத்துக்காகக் குரல் கொடுக்கிறவர்கள் இதற்காக ஏன் ஒரு துண்டறிக்கைகூட அச்சடிக்கவில்லை?

கடைசியாக வரும் வாதம் ஊழல். “கவுன்சிலர்கள் கையில் பணத்தைக் கொடுத்தால் அவ்வளவுதான், ஐ.ஏ.எஸ். அதிகாரி பரவாயில்லை.” இந்தப் பேச்சு படித்த வீடுகளில் அதிகம் கேட்கிறது. எனக்கு இதைக் கேட்டால் கோபம் வருகிறது. ஓட்டுப் போட்டு ஒருவரை அனுப்பிவிட்டு, அவர் கையில் அதிகாரம் இல்லாததால் அவர் கமிஷனுக்கு அலைகிறார் என்றால், குற்றம் எங்கே தொடங்குகிறது? அதிகாரமும் கணக்கும் ஒரே கையில் வெளிச்சத்தில் இருந்தால்தான் கேள்வி கேட்க முடியும். 2024 செப்டம்பரில் ஜப்பானின் ஹ்யோகோ மாகாணத்தில், அலுவலர்களைக் கொடுமைப்படுத்தினார் என்ற புகாருக்கு ஆளான ஆளுநர் மோதோஹிகோ சைதோவுக்கு எதிராக மாகாண மன்றம் ஒருமனதாக நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்றியது. 10 நாளுக்குள் மன்றத்தைக் கலைக்கலாம், இல்லையேல் பதவி போகும் என்பது சட்டம். அவர் கலைக்கவில்லை, பதவி போனது. நவம்பரில் நடந்த தேர்தலில் மீண்டும் நின்று அவரே ஜெயித்தார். மன்றம் சரியா, வாக்காளர் சரியா என்ற விவாதம் அங்கே ஓயவில்லை. ஆனால் புகார் வெளியில் வந்தது, விசாரணைக் குழு உட்கார்ந்தது, முடிவை மக்கள் எடுத்தார்கள். நம் மாவட்டத்தில் ஓர் உயர் அதிகாரி மேல் இப்படிப் புகார் வந்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும்: மாற்றல்.

ஜப்பானில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. 2023 ஏப்ரலில் நடந்த மாகாண மன்றத் தேர்தல்களில் நான்கில் ஒரு பங்கு இடங்களுக்குப் போட்டியே இல்லை. வென்றவர்களில் பெண்கள் 100-க்கு 14 பேர்தான். இதில் நாம் அவர்களுக்கு வெகுதூரம் முன்னால் இருக்கிறோம்: 2016 முதல் நம் உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்குச் சட்டப்படி உரியது. அந்தப் பெண்களை நிதியும் ஊழியரும் இல்லாத நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறோமே, அதுதான் கொடுமை.

நம் அரசியலமைப்புக்குள்ளேயே இதை மாற்ற முடியும் என்பதற்குப் பக்கத்து மாநிலங்களே சாட்சி. கர்நாடகத்தில் 1987-இல் தேர்வான ஜில்லா பரிஷத்துகளின் நிர்வாகத்துக்கு, மாவட்ட ஆட்சியரைவிட மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரியை நியமித்து, அவரைத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவருக்குக் கீழே வைத்தார்கள். கேரளத்தில் 1996-இல் தொடங்கிய மக்கள் திட்டம், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கே கொடுத்தது. மாவட்ட மருத்துவமனையும் அங்கே மாவட்டப் பஞ்சாயத்தின் பொறுப்பில் வந்தது. இரண்டும் நம்மைப் போன்ற மனிதர்கள் வாழும், நம்மைப் போன்ற கட்சிகள் ஆளும் மாநிலங்கள்தான்.

தூரத்தின் வலிக்கு மருந்து ஆரணியிலேயே இருக்கிறது. வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகம் இங்கே வந்தாகிவிட்டது; கலெக்டரின் கையெழுத்துக்காகத் திருவண்ணாமலைக்கு அனுப்பும் கோப்புகளில் பெரும்பாலானவற்றை இங்கேயே முடிக்க ஓர் அரசாணை போதும். எஞ்சியதெல்லாம் அதிகாரத்தைப் பற்றிய கேள்வி. மாவட்டத்துக்கு ஒரு மன்றம் வேண்டும். அதில் ஆரணி நகரமும் ஒண்ணுபுரமும் சேர்ந்து ஓட்டுப் போட வேண்டும். மாவட்டத்தின் வரவு செலவு அந்த மன்றத்தின் ஒப்புதலோடுதான் நடக்க வேண்டும். கைத்தறி, நீர், பள்ளி, மருத்துவத் துறைகளின் மாவட்ட அதிகாரிகள் அதன் குழுக்களில் வந்து உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். தேர்தலை ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வழியில்லாத சட்டம் வேண்டும். இவை கிடைத்த பிறகு ஆரணியைத் தனி மாவட்டமாக்கினால் நானும் கொடி பிடிக்கிறேன்.

அடுத்த தேர்தலில் தனி மாவட்ட வாக்குறுதியோடு உங்கள் தெருவுக்கு வருகிற வேட்பாளரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: அந்த மாவட்டத்தின் மன்றத்தில் ஆரணி நகரத்துக்கு எத்தனை உறுப்பினர்? அதன் வரவு செலவுக்கு ஓட்டுப் போடப் போவது யார்? உள்ளாட்சித் தேர்தல் எந்தத் தேதியில்? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் தருகிறவருக்கு உங்கள் ஓட்டைக் கொடுங்கள்.